‘வந்திருக்கலாம்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

போன வருடம் என் பெரியம்மாவுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்தோம். அறிக்கையின் கடைசி வரி, ‘திஸ் குட் ரெப்ரசென்ட் எ சிம்பிள் சிஸ்ட்’ என்று முடிந்தது. பெரியம்மாவின் பேரன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், கெட்டிக்காரப் பையன். அவன் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, “கேன்னா முடியும், குட்னா முடிந்தது. அப்போ முன்னாடி சாதாரணக் கட்டியா இருந்திருக்கு, இப்போ வேற என்னவோ ஆயிடுச்சுன்னு போட்டிருக்காங்க” என்றான். பெரியம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டர் அறிக்கையைப் பார்த்து, “சாதாரண நீர்க்கட்டியா இருக்கலாம்னுதான் எழுதியிருக்காங்கம்மா. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துக்கலாம்” என்ற பிறகுதான் அவர் முகத்தில் ரத்தம் வந்தது.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். கேன் என்றால் முடியும், குட் என்றால் முடிந்தது, மே என்றால் அனுமதி, மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் செய்ய வேண்டும், வில் என்றால் எதிர்காலம். நம் பள்ளிக்கூடங்களில் இந்தத் துணைவினைகள் இப்படித்தான் மனப்பாடம் ஆகின்றன. இந்தப் பட்டியலில் எதுவும் பொய் இல்லை, ஆனால் இது பாதிக் கதைதான். இதே ஆறேழு சொற்களுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு வேலை உண்டு. நேரில் பார்க்காத ஒன்றை, கையில் இருக்கும் தடயத்தை வைத்து ஊகித்துச் சொல்லும் வேலை அது. அந்த ஸ்கேன் அறிக்கையில் இருந்த குட் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. இறந்த காலத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்த ஊகிக்கும் வேலையைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் நம் இலக்கண உரைகளில்தான் இருக்கிறது. தொல்காப்பியம் ‘கொல்லே ஐயம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. கொல் என்ற இடைச்சொல் வந்தால் சொல்கிறவருக்குச் சந்தேகம் என்று பொருள். ஐயத்துக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ’. அந்தி மயங்கும் நேரம், தூரத்தில் ஏதோ நிற்கிறது. மரக்கட்டையா, ஆளா?

அந்த இடத்தில் நாமே நிற்பதாக வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்போம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ‘இட் மே பி எ ஸ்டம்ப், இட் மே பி எ மேன்.’ கட்டையாக இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். மே இருக்கும் இடத்தில் மைட் போட்டாலும் குட் போட்டாலும் இங்கே பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு கதவுகளும் திறந்திருக்கின்றன, அவ்வளவுதான். அப்புறம் அந்த உருவம் லேசாக அசைகிறது. கட்டை அசையாது. உடனே ஒரு கதவு மூடிவிடுகிறது: ‘இட் காண்ட் பி எ ஸ்டம்ப்.’ கட்டையாக இருக்க முடியாது. ஒரு கதவு மூடினால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: ‘இட் மஸ்ட் பி எ மேன்.’ ஆளாகத்தான் இருக்க வேண்டும். இன்னும் பத்தடி நடந்தால் முகம் தெரிகிறது, பக்கத்து வயல்காரர். இப்போது சொல்ல வேண்டியது ‘இட் இஸ் எ மேன்’. இங்கே யாரும் மஸ்ட் போட மாட்டார்கள். தமிழிலும் அப்படித்தான். முகத்தைப் பார்த்த பிறகு “ஆளாகத்தான் இருக்கணும்” என்று யாராவது சொன்னால், இவருக்குக் கண் தெரியவில்லையோ என்று நினைப்போம்.

இந்தக் கடைசிப் படிதான் நிறையப் பேருக்கு நழுவிவிடுகிறது. மஸ்ட் என்பது அழுத்தமான சொல், ஆகவே அது உறுதியின் உச்சம் என்று நினைக்கிறோம். உண்மையில் வெறும் இஸ்தான் உச்சம். மஸ்ட் அதற்கு ஒரு படி கீழே நிற்கிறது. லௌரி கார்ட்டுனென் என்ற ஃபின்லாந்து மொழியியலாளர் 1972-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். ஜான் கிளம்பிவிட்டான் என்பதைவிட, ஜான் கிளம்பியிருக்க வேண்டும் என்பது பலவீனமான கூற்று. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டே ‘இட் மஸ்ட் பி ரெய்னிங்’ என்று சொல்ல முடியாது. ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், உள்ளே வருகிறவர்கள் எல்லாம் ஈரக் குடையோடு வருகிறார்கள் என்றால் தாராளமாகச் சொல்லலாம். மழை ஒரே மழைதான். அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது மாறுகிறது. மஸ்ட் அந்த வழியைத்தான் காட்டிக்கொடுக்கிறது.

அதனால்தான், பல இலக்கணப் புத்தகங்களும் பயிற்சி மையங்களும் போடும் அந்த சதவீத ஏணியின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. மஸ்ட் என்றால் 95, மே என்றால் 50, மைட் என்றால் 30 என்று ஒரு படம் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தேர்வுக்கு முந்தின நாள் அது ஆறுதலாக இருக்கும். ஆனால் மைட்டைக் காதில் வாங்கும்போது யார் மனதிலும் 30 என்ற எண் ஓடுவதில்லை. சந்தேகத்தைச் சொல்லும் சொற்களுக்கு எண் ஒட்டவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சம்பவம் இருக்கிறது. 1951 மார்ச்சில் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அந்த ஆண்டு யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடப்பதை ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ என்று கருத வேண்டும் என்றது அது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் ஷெர்மன் கென்ட். வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் அவரிடம், இதற்கு என்ன அர்த்தம், எத்தனைக்கு எத்தனை என்று சாதாரணமாகக் கேட்டார். தாக்குதல் நடக்க 65, நடக்காமல் இருக்க 35 என்றார் கென்ட். கேட்டவர் அதிர்ந்துபோனார், அவர் நினைத்திருந்தது அதைவிட மிகக் குறைவு. கென்ட்டுக்கு உறுத்தியது. திரும்பிப் போய், அந்த வாக்கியத்துக்கு ஒப்புதல் சொன்ன சகாக்களிடமே கேட்டுப் பார்த்தார். ஒருவர் 80-க்கு 20 என்றார், இன்னொருவர் 20-க்கு 80 என்றார். சேர்ந்து உட்கார்ந்து எழுதியவர்களுக்குள்ளேயே அத்தனை தூரம். 1964-ல் அவர் இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதினார். இன்றைக்குக் காலநிலை மாற்றம் பற்றி அறிக்கை தரும் ஐபிசிசி குழு, ‘லைக்லி’ என்றால் 66 முதல் 100 சதவீதம், ‘வெரி லைக்லி’ என்றால் 90 முதல் 100 சதவீதம் என்று முன்கூட்டியே வரையறுத்துவிட்டுத்தான் எழுதுகிறது. எண் வேண்டும் என்றால் அப்படி வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மே, மைட் தலையில் அதைக் கட்ட முடியாது.

சரி, நம் மொழிக்கு வருவோம். வாசலில் மணி அடிக்கிறது. உள்ளே இருந்து அம்மா, “யாரா இருக்கும்?” என்கிறார். “தபால்காரரா இருக்கும்” என்கிறோம். ‘இருக்கும்’ எதிர்கால வடிவம்தான். ஆனால் தபால்காரர் நாளைக்கு வரப்போவதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை, இப்போது வாசலில் நிற்பவரைப் பற்றித்தான் பேச்சு. ஆங்கிலேயர் இதே இடத்தில் ‘தட்டில் பி த போஸ்ட்மேன்’ என்பார். அதாவது தட், வில், பி. அவரும் எதிர்கால வினையைத்தான் எடுக்கிறார். வழக்கமாக இந்த நேரத்துக்கு வருகிறவர் அவர்தானே என்ற பழக்கத்தை வைத்து ஊகிப்பது இது. உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி யோசிப்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம். ஆனால் வில் என்றால் எதிர்காலம் என்று மட்டும் படித்த பிள்ளைக்கு, தன் நாக்கில் தினமும் புழங்கும் இந்தப் பயன் ஆங்கிலத்திலும் இருப்பது தெரியவே தெரியாது.

எதிர்மறையிலும் இதே கதைதான். ‘ஹீ மஸ்ட் பி அட் ஹோம்’ என்பதற்கு எதிர்மறை கேட்டால், மாணவர்கள் ‘ஹீ மஸ்ன்ட் பி அட் ஹோம்’ என்று எழுதுகிறார்கள். அதற்கு அர்த்தம், அவன் வீட்டில் இருக்கக் கூடாது. சரியான எதிர்மறை ‘ஹீ காண்ட் பி அட் ஹோம்’. ஆங்கிலத்தின் விசித்திரம் என்று இதைத் தனியாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை, தமிழைக் கேட்டாலே போதும். “வீட்டில்தான் இருக்க வேண்டும்” என்பதை மறுக்க நாம் “வீட்டில் இருக்க வேண்டாம்” என்றா சொல்கிறோம்? “வீட்டில் இருக்க முடியாது”, “வீட்டில் இருக்க மாட்டான்” என்றுதானே சொல்கிறோம். வேண்டும் என்பது முடியாது என்று மாறுவது போல மஸ்ட் காண்ட் ஆகிறது. ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் மஸ்ட், நாட் இரண்டையும் சேர்க்காமல் தனித்தனியாக உச்சரித்து ‘ஹீ மஸ்ட் நாட் பி ஹோம்’ என்று ஊகமாகச் சொல்வது சகஜம். அதைக் கேட்டால் தடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மே நாட் என்பதையும் காண்ட் என்பதையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். ‘இட் மே நாட் பி ட்ரூ’ என்றால் உண்மையாக இல்லாமலும் இருக்கலாம். ‘இட் காண்ட் பி ட்ரூ’ என்றால் உண்மையாக இருக்கவே முடியாது. முன்னது கதவைத் திறந்து வைக்கிறது, பின்னது சாத்துகிறது. அதேபோல நாளைக்கு மழை பெய்யலாம் என்பதற்கு ‘இட் கேன் ரெய்ன் டுமாரோ’ என்று எழுதுவது நம்மிடம் ரொம்பப் பரவலான பிழை. நம் ‘-லாம்’ ஒன்றே அனுமதி, அழைப்பு, ஊகம் எல்லாவற்றையும் சுமப்பதால் வருவது அது. கேன் பொதுவான இயல்பைச் சொல்லும்: ‘ஊட்டி கேன் பி கோல்ட் ஈவன் இன் ஏப்ரல்.’ ஊட்டியில் ஏப்ரலில்கூடக் குளிர்வது உண்டு. குறிப்பிட்ட ஒரு நாளைப் பற்றி ஊகிக்க மே, மைட், குட் மூன்றில் ஒன்று வேண்டும்.

இதுவரை தமிழ் நமக்குத் துணையாக வந்தது. இறந்த காலத்துக்குப் போனால் அதே தமிழ் காலை வாரிவிடும். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

‘வந்திருக்கலாம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். “மணி ஆறாச்சு, ரயில் வந்திருக்கலாம்.” வந்ததா இல்லையா, தெரியாது. “தங்கச்சி கல்யாணத்துக்காவது நீ வந்திருக்கலாம்.” வரவில்லை, நன்றாகத் தெரியும், அதனால்தான் வருத்தம். ஒரே வடிவம் ஒரு இடத்தில் ஊகமாகவும் இன்னொரு இடத்தில் மனத்தாங்கலாகவும் நிற்கிறது. சொல்கிறவரின் குரலும் சூழ்நிலையும் நமக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் ‘த டிரெய்ன் மே ஹேவ் அரைவ்ட்’ என்பது முதலாவது. ‘யூ குட் ஹேவ் கம்’ என்பது இரண்டாவது. வருத்தத்தோடு ‘யூ மே ஹேவ் கம்’ என்று எழுதினால், நீ வந்தாயோ என்னவோ, எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். குட் ஹேவ், மைட் ஹேவ் இரண்டும் இரண்டு வேலைக்கும் வரும். மே ஹேவ் மட்டும் கறாராகச் சந்தேகத்துக்குத்தான் என்பது நெடுநாள் வழக்கு. ‘ஹீ மே ஹேவ் டிரவுன்ட்’ என்றால் ஆற்றில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ‘ஹீ மைட் ஹேவ் டிரவுன்ட்’ என்பதை, பையன் கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் சொல்லலாம், நல்லவேளை தப்பித்தான் என்ற அர்த்தத்தில். ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே நிறையப் பேர் இப்போது இந்த எல்லையைக் கலைத்துவிட்டார்கள். இருந்தாலும் எழுத்தில் நான் இதைக் காப்பாற்றுவேன். காணாமல் போன ஒருவரைப் பற்றிய செய்தியில் மே, மைட் இரண்டுக்கும் இடையே ஒரு குடும்பத்தின் நிம்மதி தொங்குகிறது.

‘வந்திருக்க வேண்டும்’ இதைவிட ஆபத்தானது. “செருப்பு வாசலில் கிடக்குது, அப்பா வந்திருக்கணும்.” இது ஊகம், மஸ்ட் ஹேவ். “பத்து மணிக்கே வந்திருக்கணும், இன்னும் ஆளைக் காணோம்.” இது கடமை தவறியது, ஷுட் ஹேவ். அலுவலகங்களில் விளக்கம் கேட்கும் கடிதங்களில் ஒரு வாக்கியத்தை அடிக்கடி பார்த்திருக்கிறேன்: ‘ஹீ மஸ்ட் ஹேவ் இன்ஃபார்ம்ட் த மேனேஜர்.’ எழுதியவர் நினைத்தது, அவர் மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அது தவறு. ஆங்கிலத்தில் படிக்கிறவருக்குப் போய்ச் சேர்வது, அவர் மேலாளரிடம் சொல்லியிருப்பார், சந்தேகமே இல்லை. குற்றச்சாட்டு அப்படியே நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது. ஷுட் ஹேவ் போட்டிருந்தால் இந்த வம்பு இல்லை.

மூன்றாவது ‘வந்திருக்கும்’. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு என் கையாலேயே எழுதிய மின்னஞ்சல் இது: ‘யூ வுட் ஹேவ் ரிசீவ்ட் த இன்வாய்ஸ் யெஸ்டர்டே.’ நேற்றே இன்வாய்ஸ் வந்திருக்கும் என்று மனதில் ஓடியதை அப்படியே இறக்கிவைத்தேன். அவரிடமிருந்து பதில் வந்தது: அப்படியென்றால் ஏன் அனுப்பவில்லை? எனக்கு ஒன்றும் புரியவில்லை, அனுப்பிவிட்டேனே. பிறகு பக்கத்து இருக்கையில் இருந்த அக்காதான் விளக்கினார். வுட் ஹேவ் என்று கேட்டதும் அவர் காது ஒரு ‘இஃப்’பைத் தேடும். அனுப்பியிருந்தால் வந்திருக்கும், ஆனால் அனுப்பவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். தமிழிலும் “நேத்தே அனுப்பியிருந்தா இந்நேரம் வந்திருக்கும்” என்று இதே வடிவத்தைத்தான் வைக்கிறோம், யோசித்துப் பாருங்கள். வுட் ஹேவ் ஊகத்துக்கு வரவே வராது என்று சொல்ல மாட்டேன். ‘தட் வுட் ஹேவ் பீன் மை அங்கிள்’, அது என் மாமாவாக இருந்திருக்கும், என்று ஆங்கிலேயரே சொல்வதுண்டு. ஆனால் வணிகக் கடிதத்தில் அது கண்ணிவெடி. நான் இப்போது எழுதுவது ‘யூ ஷுட் ஹேவ் ரிசீவ்ட் இட் பை நவ்’. இந்நேரம் வந்திருக்க வேண்டுமே, வராவிட்டால் சொல்லுங்கள் என்ற பணிவு அதில் இருக்கிறது. அதே இடத்தில் மஸ்ட் ஹேவ் போட்டால், வந்தேதான் இருக்கும், நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று விரலை நீட்டுவது போல ஆகிவிடும். அந்த ஷுட்டில் கடமை இல்லை, எதிர்பார்ப்புதான் இருக்கிறது.

ஒரே சொல்லுக்கு ஏன் இப்படி இரண்டு வேலை என்ற கேள்வி வரும். இந்தச் சொற்களின் பிறவியில் பதில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் மே என்பதன் மூலமான மாகன் என்ற வினைக்கு வலிமை, இயலுதல் என்று பொருள். கேனுக்கு மூலமான குன்னன் அறிதலைக் குறித்தது. இயலும் என்பது மெல்ல மெல்ல நடக்கக்கூடும் என்று நகர்ந்தது. மஸ்ட் என்ற வடிவமே ஒரு காலத்தில் மோட்டன் என்ற வினையின் இறந்த காலம். அந்தப் பழைய இறந்த கால உடை நிகழ்காலத்துக்கே நிலைத்துவிட்டது. மைட்டும் குட்டும்கூடப் பழைய இறந்த கால வடிவங்கள்தான், ஊகத்தில் மட்டும் அந்தக் காலப் பொருளை உதிர்த்துவிட்டன. என் பெரியம்மாவின் பேரன் தடுக்கி விழுந்தது அந்த உதிர்ந்த பழைய பொருளில்தான். தமிழிலும் சொற்கள் இப்படி நகர்ந்திருக்கின்றன. போகலாம் என்பது போகல், ஆம் என்று பிரியும். போவது ஆகும், அதாவது தகும். வேண்டும் என்பதில் வேண்டுதல் இருக்கிறது, முடியும் என்பதில் முடிதல் இருக்கிறது. விரும்புவதற்கும் முடிப்பதற்கும் இருந்த வினைகளை எடுத்துத்தான் நாமும் காணாததைக் கணித்துக்கொண்டிருக்கிறோம்.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம், இணைய நெறிமுறைகளில் மஸ்ட், ஷுட், மே ஆகியவற்றுக்குக் கட்டாயம், பரிந்துரை, விருப்பம் என்று கறாராகப் பொருள் வகுத்திருக்கிறது. நாள் முழுக்க அதைப் படிக்கிறவர்களுக்கு இந்தச் சொற்களின் ஊகப் பொருள் கண்ணிலேயே படாது. ‘த சர்வர் மஸ்ட் பி டவுன்’ என்று சக ஊழியர் சொன்னால், அவர் விதி எதையும் சொல்லவில்லை. பக்கம் திறக்கவில்லை, அதை வைத்து ஊகிக்கிறார்.

நம்மிடம் இருந்து ஆங்கிலத்துக்கு இடம் பெயராத ஒன்றும் உண்டு. “அவங்க ஊருக்கு வந்திருக்காங்களாம்” என்பதில் இருக்கும் அந்த ‘-ஆம்’. நான் பார்க்கவில்லை, ஊகிக்கவும் இல்லை, யாரோ சொல்லக் கேட்டேன் என்பதை ஒரே அசையில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இதற்குத் துணைவினை கிடையாது. அப்பாரன்ட்லி என்று தனியாக ஒரு சொல்லைப் போட வேண்டும், அல்லது ஐ ஹியர் என்று தொடங்க வேண்டும். கேள்விப்பட்டதை மஸ்ட் ஹேவ் கம் என்று எழுதாதீர்கள். அது நீங்களே துப்பறிந்ததாக ஆகிவிடும்.

ஆறு மாதம் கழித்து பெரியம்மாவுக்கு இரண்டாவது ஸ்கேன் எடுத்தோம். கவரை வாங்கியதும் பிரித்தவன் அதே பேரன்தான். கடைசி வரிக்கு நேராகப் போனான். விரலை வைத்துப் படித்தான். “பாட்டி, இந்தத் தடவை குட் போடல. இஸ் போட்டிருக்காங்க. திஸ் இஸ் எ சிம்பிள் சிஸ்ட்.” பெரியம்மா, “அப்படின்னா?” என்றார். “பார்த்துட்டாங்களாம் பாட்டி. சாதாரணக் கட்டிதான்” என்றான்.